கண் முன்னால் குடிக்கும் மருந்து

1

டெரிக் பொய் சொல்கிறான் என்பது எனக்குத் தெரியும். எதில் பொய் சொல்கிறான் என்பதுதான் தெரியவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். தென்காசிப் பையன் லண்டனில் பெரிய டாக்டராக இருக்கிறான் என்று நீங்கள் நினைத்தால் அதில் பாதிதான் உண்மை. அறுபத்து மூன்றாம் வருஷம் வேலை அனுமதிச் சீட்டோடு இங்கே வந்து இறங்கினேன். அறுவை வைத்தியம் செய்ய ஆசைப்பட்டேன். விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் மிக மரியாதையாக இல்லை என்றார்கள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில் இந்த ஊர் டாக்டர்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பிரிவில் இடம் கிடைத்தது. ஹெராயின் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மருந்து கொடுக்கிற பிரிவு.

ஹெராயின் நம் அபினியின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவை உருட்டி விழுங்குவார்கள், பேரனை நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். போன வருஷம் வரை இந்த நாட்டில் எந்த டாக்டரும் பழக்கக்காரனுக்கு ஹெராயினையே சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். சில பேர் தாராளமாக எழுதினார்கள். மிச்சம் தெருவுக்கு வந்தது. அதனால் சட்டத்தை மாற்றி, எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிப் பிரிவுகள்தான் எழுதலாம் என்று வைத்துவிட்டார்கள். வருகிறவர்களை மெல்ல மெல்ல மெதடோன் என்ற சிரப்புக்கு மாற்றுகிறோம். குடித்தால் ஒரு நாள் முழுக்க உடம்பில் நிற்கும். கிறக்கம் தராது, ஹெராயின் கிடைக்காதபோது வருகிற உதறலை நிறுத்தும். நோயை அது தீர்ப்பதில்லை. நோயோடு ஆளை எழுப்பி வேலைக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

இந்தக் காரியத்தை நம்புகிற ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. விஷத்துக்குப் பதில் விஷமா, அதுவும் சர்க்கார் செலவிலா என்று பத்திரிகைகள் கேட்கின்றன. எங்கள் நோயாளிகள் மருந்தை விற்கிறார்கள் என்கிறது போலீஸ். எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்புகிற நாங்கள் போலீஸின் ஆட்கள் என்கிறார்கள் நோயாளிகள். இந்தியாக்காரன் இளகின மனசுக்காரன், சுலபமாக ஏமாந்துவிடுவான் என்று எங்கள் தலைமை டாக்டர் நினைக்கிறார். நோயாளிகளும் அப்படியே நினைத்து முதலில் என் அறைக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

டெரிக் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவன். இளைஞன், குளிர்காலத்திலிருந்து சிரப்பில் இருக்கிறான். தினமும் மருந்துக் கடையில் அவனுக்கான பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். ஒழுங்காக இருக்கிறான் என்று நானே எழுதி வைத்தேன். போன திங்கட்கிழமை அவன் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னேன். முழங்கை மடிப்பில் புது ஊசித் தழும்பு.

"க்ளீனாக இருக்கிறேன் டாக்டர்" என்றான்.

இந்த வார்த்தையில் நான் ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். வந்த புதிதில் ஒருவன் இதையே சொன்னபோது அவன் நகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோப்புப் போடலாம் என்று சொல்லிவிட்டேன். ஊசி போடவில்லை என்பதைத்தான் இவர்கள் அப்படிச் சொல்வார்களாம். எங்கள் நர்ஸ் மௌரீன் அயர்லாந்துக்காரி. அவள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மருந்தும் வாங்கிக்கொண்டு வெளியிலும் வாங்குகிறவனைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. நீக்குவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்லியாக வேண்டும்.

2

ஒரு ஆளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதை நான் லண்டனில் கற்கவில்லை. தென்காசியில், எங்கள் வீட்டிலேயே கற்றேன்.

என் அக்கா சிவகாமியின் புருஷன் சங்கரபாண்டியன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். பர்மாச் சண்டையில் இடுப்பிலும் தொடையிலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் மார்பின் ஊசி போட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஊசியைத் தாங்கள் வைத்துக்கொண்டு வலியை மட்டும் அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவர் அபினிக்குப் போனார்.

அப்போது அதற்குப் பெர்மிட் உண்டு. டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும், மதுவிலக்கு அதிகாரிகள் பார்த்துப் பெர்மிட் எழுதுவார்கள், சர்க்கார் டிப்போவில் அளந்து தருவார்கள். புதுப்பிக்கும்போதெல்லாம் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஐம்பதுகள் முடிவதற்குள் தின்கிற அபினியே நாட்டில் இருக்கக் கூடாது என்று டில்லியில் தீர்மானமாகியிருந்தது.

அக்கா டப்பாவை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். காலையில் குன்றிமணி அளவு ஓர் உருண்டை, சாயங்காலம் ஓர் உருண்டை. அதைப் போட்டுக்கொண்டு அத்தான் சைக்கிளில் சுந்தரபாண்டியபுரம் வயலுக்குப் போய்விட்டு வருவார். தெரியாதவர்கள் பார்த்தால் இடுப்பைச் சாய்த்து நடக்கிற ஒரு சம்சாரி, அவ்வளவுதான்.

எங்கள் அண்ணன் வேலாயுதம் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். சங்கரன்கோவில் பக்கம் வேலை. லீவில் வந்தால் முதல் விசாரணை எங்கள் வீட்டில்தான். ஒரு நாள் அக்காவிடம் கேட்டான்: "ஏட்டி, டப்பாவை நீ பூட்டுத, சரி. அவருக்கு வேற டப்பா இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து அக்கா அத்தானின் சட்டைகளை முகர்ந்து பார்த்துத் துவைக்க ஆரம்பித்தாள். நான் மெட்ராஸில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அபினி அதிகமானால் கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும் என்று வாய்விட்டுச் சொன்னதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விடுமுறையில் தினமும் அத்தானின் கண்ணைப் பார்க்க வேண்டும். ஏதோ சாக்குச் சொல்லிக் கிட்டப் போவேன். அவருக்கு எல்லாம் தெரியும். தானே எழுந்து ஜன்னல் ஓரம் வந்து, இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பாத்துக்கோ மாப்ளே. வெளிச்சம் போதுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவர் அக்கறையாகக் கேட்பார்.

3

சாரல் காலத்தில் அத்தான் குற்றாலத்துக்குப் போய் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பார். வலிக்கு அது கொஞ்சம் கேட்கும். அந்த வருஷம் அடிக்கடி போனார். திரும்பும்போது பையில் மங்குஸ்தான் பழம் இருக்கும். அக்கா பெண் மரகதத்துக்கு ஒரே சந்தோஷம்.

அண்ணனுக்கு அந்தப் பழம் உறுத்தியது. புளிப்பு ஆகாது என்று ரசத்தையே ஒதுக்குகிற மனுஷன், பெண்ணுக்கு இத்தனை நாள் ஒரு கொய்யாப் பழம்கூட வாங்கி வராதவர், இப்போது ஏன் மங்குஸ்தான் சுமக்கிறார் என்றான். மறுநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிறவனைப் போலக் கிளம்பினான். என்னையும் கூட்டிக்கொண்டான்.

ஐந்தருவி போகிற வழியில் பழக்கூடை வைத்து உட்கார்ந்திருந்தான் ஒரு ஆள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன், பாதி மலையாளம் பேசினான். அத்தான் அவனிடம் பை நிறையப் பழம் வாங்கினார். பழத்துக்கு அடியில் வாழைச் சருகில் சுற்றிய ஒரு பொட்டலமும் போனது. நானே பார்த்தேன். அண்ணன் நிதானமாக நடந்து போய் அவர் முன்னால் நின்றான்.

"மச்சான், பையைக் கொடுங்க."

அத்தான் கொடுத்துவிட்டார். பழக்காரன் கூடையை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தில் மறைந்தான்.

"எத்தனை நாளா நடக்குது?"

"போன தடவை அளவைக் குறைச்சாங்கள்லா, அதுல இருந்து."

"குறைச்சா, குறைச்சதை வச்சுத்தான் இருக்கணும்."

அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். "குறைக்குதது ஆபீஸ்காரன். வலிக்குதது எனக்கு. அவன் குறைக்கச்சில வலியும் சேந்து குறைஞ்சிருந்தா நான் எதுக்கு இங்கன வாரேன்?"

அண்ணன் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தான். பிறகு ஓடுகிற தண்ணீரில் எறிந்தான். போலீஸ்காரன் செய்யக் கூடாததை மச்சினனாகச் செய்தான். பொட்டலம் சுழன்று கல்லிடுக்கில் போகிற வரை அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் நேராக, அத்தானுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்த டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அத்தானைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிப்பார் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் வெளியில் வாங்குகிறவனுக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். போதாக்குறைக்கு, இந்த டாக்டர் கேட்டவனுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறார் என்று மதுவிலக்கு இன்ஸ்பெக்டருக்கு ஏற்கெனவே அவர் மேல் ஒரு கண். போலீஸ்காரனே வந்து சொன்ன பிறகு தெரியாததுபோல இருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சர்ட்டிபிகேட்டை ரத்து செய்தார். பெர்மிட்டும் போனது.

4

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் இதையெல்லாம் என் மகள் மீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அவளுக்கு அங்கிள், ஆன்ட்டி. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா எல்லாம் ஆல்பத்தில் இருக்கிற படங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் அந்த அங்கிள் ஒரு ஜங்கியா என்று கேட்டாள். போதைக்கு அடிமையானவனை இங்கே இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை.

எனக்குச் சுருக்கென்றது. அவர் அங்கிள் இல்லை, உன் மாமா, அவரை அந்த வார்த்தையால் சொல்லக் கூடாது என்று கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரி ஆட்களைப் பற்றி அம்மாவிடம் பேசும்போது அப்படித்தானே சொல்கிறீர்கள், உங்களிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன் என்றாள். அடுப்படியிலிருந்த என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் மீனா "டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாளாம். அதையும் அன்றுதான் சொன்னாள். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் தெரியாது என்பாளாம். அவள் வெட்கப்படுவது என் நிறத்துக்கா, என் பேச்சுக்கா, என் நோயாளிகளுக்கா என்று நான் யோசித்துப் பார்த்தேன். மூன்றுக்கும் இருக்கலாம் என்று தோன்றியது.

5

அபினியைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அத்தானிடம் பார்த்தேன். முதலில் ஓயாத கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். பிறகு வயிறு அவிழ்ந்தது. கால்கள் தாமாகக் கட்டிலை உதைத்தன. வெயிலில் கிடத்தினாலும் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து உரித்த கோழியைப் போல இருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இது கடந்துவிடும், கடந்தால் விடுதலை என்று நான் புத்தகத்தை நம்பிச் சொன்னேன். உதறல் அடங்கியதும் பழைய வலி, பர்மாவில் பிடித்த வலி, முழுசாகத் திரும்பி வந்தது.

எழுந்து நடக்க முடிந்த அன்றே வெளியில் போனார். அதன் பிறகு அவர் என்ன தின்கிறார், எவ்வளவு தின்கிறார், யாரிடம் வாங்குகிறார் என்று யாருக்கும் தெரியாது. வயலுக்குப் போவது நின்றது. ஒரு நாள் செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்னான். அண்ணனும் நானும் போய் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தோம். மூச்சு அவ்வளவு மெதுவாக இருந்தது. வழியெல்லாம் அண்ணன் அவர் மூக்கின் கீழ் விரலை வைத்தபடியே வந்தான்.

அன்று சாயங்காலம் அக்கா டாக்டரைப் பார்க்கப் போனாள். நான் துணைக்குப் போனேன். அவள் உட்காரவில்லை.

"வெளியில வாங்குனாவன்னு நிறுத்துனீங்க. அப்ப வெளியில வாங்குனது கொஞ்சம். நீங்க நிறுத்துனதுக்கப்புறம் முழுசும் வெளியிலதான் வாங்குதாவ. இதுல எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை. "நான் மறுபடி எழுதுனா, பாதியை நீங்க விக்கிதீகன்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவான்மா. எனக்கும் அதுல பங்கு உண்டும்பான். நீங்க விக்கலைன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அப்ப வீட்டுக்குத் தராதீங்க. டப்பா இங்கனயே இருக்கட்டும். தினமும் அவிய வந்து உங்க கண் முன்னால முழுங்கட்டும். யாரும் யாரையும் நம்ப வேண்டாம்."

டாக்டர் மேலதிகாரிகளுக்கு எழுதினார், நேரிலும் போய்க் கேட்டார். எப்படியோ பெர்மிட் திரும்பி வந்தது. குறைப்பதற்கு முந்தின அளவே கிடைத்தது. மறுபடி குறைப்பதைத் தன்னால் முடிந்த வரை அவர் தள்ளிப்போட்டார்.

அத்தான் காலையும் மாலையும் டாக்டர் வீட்டுக்கு நடந்தார். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் வந்த ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பவுண்டர் உருண்டையை உள்ளங்கையில் வைப்பார், விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வார். நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இடுப்பு அனுமதிக்கிற அளவுக்கு நிமிர்ந்துதான் அத்தான் போவார்.

"பட்டாளத்துலயும் பரேடு உண்டு மாப்ளே" என்றார் ஒரு நாள். "அங்கன எல்லாவனும் நிப்பான். இங்கன நான் ஒருத்தன்."

ஆனால் வயலுக்குத் திரும்பினார். பெண் மரகதத்துக்கு ஆய்க்குடியில் கல்யாணம் செய்து வைத்தார். பந்தலில் எழுந்து நின்று வந்தவர்களை வரவேற்றார். நான் அப்போதும் அவர் கண்ணைப் பார்த்தேன். பாப்பா சரியாகத்தான் இருந்தது.

பிறகு பெர்மிட் முறையையே எடுத்துவிட்டார்கள். வலிக்கு மருந்தாக என்று எழுதி டாக்டர் கொஞ்ச காலம் தொடர்ந்து கொடுத்தார். அவருக்கு வயதாகி, மதுரையில் மகனோடு போய் இருந்துவிட்டார். அடுத்து வந்த டாக்டர் அத்தானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதன் பிறகு அத்தான் மலையடிவாரத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற சாராயத்துக்குப் போனார். ஈரல் கெட்டு அறுபத்தைந்தாம் வருஷம் செத்துப் போனார். எனக்கு இங்கே தந்தி வந்தது.

அண்ணன் இன்றைக்கும் ஒன்றைத்தான் சொல்லுவான்: நான் சந்தேகப்பட்டேன், பிடித்தேன், சந்தேகம் சரிதானே? சரிதான். அவனுடைய சந்தேகத்தில் ஒரு குறையும் இல்லை. சந்தேகம் சரியாகிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்றுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நீக்குவதற்கு விதி இருந்தது. நீக்கின பிறகு அந்த ஆள் எங்கே போவான் என்பதற்கு விதி இல்லை.

6

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், டெரிக்கை நீக்க வேண்டாம், அவன் அளவைக் கூட்ட வேண்டும் என்றேன். எங்கள் அளவு அவனுக்குப் போதவில்லை, அதனால் வெளியில் வாங்குகிறான் என்பது என் எண்ணம். மருந்துக் கடைக்கு அனுப்பாமல் இங்கேயே நர்ஸ் முன்னால் குடிக்கட்டும் என்றும் சொன்னேன்.

தலைமை டாக்டர் பேனாவை மூடினார். தப்பு செய்தவனுக்குப் பரிசு கொடுக்கச் சொல்கிறீர்கள், அவன் உங்களை ஏமாற்றுகிறான் என்றார். இருக்கலாம் என்றேன். உங்கள் பொறுப்பில் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். கூட்டம் முடிந்து போகும்போது ஒருவர், இந்தியாவில் இப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று என் இங்கிலீஷுக்கு இன்னும் பிடிபடவில்லை.

டெரிக்குக்குப் பயங்கரக் கோபம். நான் என்ன குழந்தையா, வாயைத் திறந்து காட்ட என்றான். ஒரு நாள் வராமலே இருந்துவிட்டான். போய்விட்டான், எல்லாரும் சொன்னதுதான் நடந்தது என்று நினைத்தேன். மறுநாள் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றான். மௌரீன் ஒன்றும் கேட்காமல் கோப்பையை நீட்டினாள். கோடை வந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். கையில் புதுத் தழும்பு இல்லை. கையில் இல்லையென்றால் காலில் இருக்குமோ என்று காலையும் பார்த்தேன். அங்கும் இல்லை.

மேலே உள்ளதையெல்லாம் அவ்வப்போது எழுதி வைத்தேன், முடித்துப் பல வாரம் ஆகிவிட்டது. ஊருக்கு அனுப்பலாம் என்று எடுத்தபோது இது நடந்தது.

நேற்று டெரிக் என் அறைக்கு வந்து பல் வலிக்கிறது என்றான். பல்வலி என்பது பழக்கக்காரர்களின் பழைய தந்திரம். வலி மாத்திரை எழுதித் தராத டாக்டர் உண்டா? சரிதான், ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். எந்தப் பல் என்று கேட்டேன். காட்டினான். சிறிது நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, எந்தப் பல் என்று மறுபடி கேட்டேன். அதே பல்லைக் காட்டினான். டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல் பாதி அரித்து, ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. இத்தனை நாள் எப்படிப் பொறுத்தாய் என்று கேட்டேன். உங்களிடம் சொன்னால் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்றான்.

பக்கத்துத் தெருப் பல் டாக்டருக்கு டெலிபோன் செய்தேன். எங்கள் பிரிவின் பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. அவனுக்கு நிச்சயமாகப் பல்வலிதானா என்று கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். இன்று இடமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். சரி என்று வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு டெரிக்கை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என்னையும் அவனையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்களில் நோயாளி யார் என்று கேட்டாள். டெரிக் வீங்கின கன்னத்தோடு கையைத் தூக்கினான். நான் அவன் டாக்டர் என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள்.